மாத்திரையை நாமே குறைக்கலாமா?

யூனியன் ஆபீசுக்கு ஜனங்கள் சம்பளப் பிரச்னையோடு மட்டும் வருவதில்லை. ரேஷன் கார்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், வீட்டுச் சண்டை, உடம்புக் கோளாறு எல்லாமே அந்த பெஞ்சுக்கு வந்து சேருகின்றன. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஏதாவது பதில் சொல்லிப் பழகிவிட்டோம். தெரிந்ததற்கும் சொல்கிறோம், தெரியாததற்கும் சொல்கிறோம். அப்படித் தெரியாமல் சொன்ன ஒரு பதில் ஒரு ஸ்திரீ தொழிலாளியின் வேலைக்கும் உயிருக்கும் உலை வைக்கப் பார்த்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

அவர் ஒரு நூல் மில்லில் ரிங் பிரேம் பார்ப்பவர். இருபது வருஷ சர்வீஸ். தைராய்டு குறைவு என்று டாக்டர் சொல்லி, தினம் ஒரு மாத்திரை, 100 மைக்ரோகிராம், ஒரு வருஷமாகச் சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் சந்தா கட்ட வந்தவர் கேட்டார்:

“ஏனுங்க தோழரே, ஒடம்பு இப்ப நல்லாத்தானுங்க இருக்குது. இன்னமும் இந்த மாத்திரைய முழுங்கோணுமுங்களா?”

நாம் என்ன சொன்னோம்? “உடம்பு நல்லா இருக்கும்போது மருந்து எதுக்கம்மா? பாதியாக்கிப் பாருங்க. கம்பெனிக்காரன் விக்கிறதுக்கு ஆயிரம் சொல்லுவான்.” யோசிக்காமல் சொன்னோம். பெரிய உண்மையைக் கண்டுவிட்டவர்கள் போலச் சொன்னோம்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா சந்தோஷமாக வந்தார். ஒரு குறையும் இல்லையாம். நமக்கும் பெருமைதான். பிறகு அந்தப் பாதியையும் விட்டுவிட்டார். மூன்றாவது மாதத்தில் முகம் உப்பியது. குரல் கம்மியது. மலம் கட்டியது. வேர்க்கிற மில்லுக்குள்ளே குளிருகிறது என்றார். அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவதில் கைப்பழக்கத்துக்குப் பேர் போனவர், இப்போது பத்து இழை ஒட்டுவதற்குள் சோர்ந்து நின்றார். நிர்வாகம் சும்மா இருக்குமா? ‘வேலையில் மெத்தனம்’ என்று மெமோ கொடுத்தது. நாம் வேலைப்பளுவைக் காட்டிப் பதில் எழுதினோம். வேலைப்பளு உண்மைதான். ஆனால் அந்த மெமோவுக்கு நாமும் ஒரு காரணம் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

ஒரு நாள் அரை நைட் ஷிப்டில் மெஷின் ஓரத்தில் நின்றபடியே கண் அயர்ந்து சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?” அந்த அம்மா நம் பெயரைச் சொல்லவில்லை. நாமே சொல்கிறோம்.

டாக்டரின் சர்டிபிகேட்டைக் காட்டிப் பேசிய பின் நிர்வாகம் மெமோவைக் கைவிட்டது. மாத்திரையை மறுபடி தொடங்கி மூன்று மாதத்தில் அவர் பழையபடி வேலைக்குத் தேறினார். தப்பு செய்தவர்கள் தப்பை ஒப்புக்கொண்டால் போதாது. ஏன் தப்பு என்று விளங்கிக்கொண்டு பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும். டாக்டரிடமே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லையே, ஏன்?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி விரித்தாற்போல் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அது சுரக்கும் ஹார்மோன்தான் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், குடல் எப்படி அசைய வேண்டும், உடம்பில் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் நடத்துகிறது. அது குறைந்தால் உடம்பு முழுவதும் மந்தமாகும். மிஞ்சினால் உடம்பு முழுவதும் பதறும்.

தைராய்டு குறைந்தவர்கள் சாப்பிடும் மாத்திரை லெவோதைராக்சின். சுரப்பி கொடுக்க வேண்டியதை மாத்திரை கொடுக்கிறது. இந்த மருந்து ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் கழியும். இன்று நிறுத்தினால் பாதி கழியவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். இன்னொரு வாரத்தில் அந்தப் பாதியில் பாதி.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து பஞ்சு வருவது நின்றாலும், கிடங்கில் பேல் இருக்கும் வரை கதிர் சுழலும். ‘பஞ்சு வராமலே மில் ஓடுகிறதே’ என்று அந்த ஒரு வாரம் யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘மாத்திரை இல்லாமலே உடம்பு நன்றாக இருக்கிறதே’ என்று நாம் சொன்னது அதேதான். அந்த அம்மாவின் உடம்பு கிடங்குச் சரக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

இதனால்தான் இந்த மருந்தில் உடம்பின் சொல்லை மட்டும் நம்பி அளவை மாற்றக் கூடாது. தலைவலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் பலன் சொல்லிவிடும். இது சொல்ல 6 வாரம், 8 வாரம் ஆகும். டாக்டரே அளவை மாற்றினாலும் 6 முதல் 8 வாரம் பொறுத்து ரத்தம் பார்த்துத்தான் அடுத்த முடிவு எடுக்கிறார். அவர் பொறுத்திருக்கும் இடத்தில் நாம் நாலு நாளில் தீர்ப்புச் சொல்லலாமா?

அளவும் சாமானியமானதல்ல. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தினம் 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறவர் ஒரு கிராம் மருந்தைத் தீர்க்க 10,000 நாள், அதாவது 27 வருஷத்துக்கு மேல் ஆகும். இந்தத் தூசியளவு மருந்தில் உயிரின் நடை இருக்கிறது. அதனால்தான் 25, 50, 75, 100 என்று தனித்தனி மாத்திரைகள் செய்கிறார்கள். கண்ணளவில் கிள்ளிப் போடுகிற சரக்கு இது அல்ல.

எண்ணைத் தலைகீழாகப் படிக்கிறோம்

இன்னொரு தப்பும் ஏராளமாக நடக்கிறது. பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் பெரியவர்களுக்குச் சுமார் 0.4-லிருந்து 4-க்குச் சற்று மேல் வரை இருப்பதைச் சரியென்று வைத்திருக்கிறார்கள். அது 15 என்று வந்தால் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்? “தைராய்டு கூடிப்போச்சு, மாத்திரையைக் குறைக்கணும்.” சர்க்கரைச் சீட்டைப் படிப்பது போல இதையும் படிக்கிறார்கள்.

விஷயம் நேர்மாறு. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது மேஸ்திரி மாதிரி. தைராய்டு சரியாக வேலை செய்தால் மேஸ்திரி மெதுவாகப் பேசுவார். வேலை குறைந்தால் உரக்கக் கத்துவார். அந்தக் கத்தல்தான் டி.எஸ்.எச். ஆகவே, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, அந்த எண் கூடியிருந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். குறைந்திருந்தால் மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். எண் கூடியதைப் பார்த்து மாத்திரையைக் குறைக்கிறவர், வண்டி மேட்டில் திணறும்போது ஒரு மாட்டை அவிழ்த்து விடுகிறவர்.

கூட்டுவதும் கேடு

குறைப்பவர்கள் ஒரு பக்கம். தாமே கூட்டிக்கொள்பவர்கள் மறுபக்கம். நாற்று நடவுக் காலம். நாள் முழுதும் குனிந்து நட்ட உடம்பு அசந்து போகிறது. ‘தைராய்டுதான் காரணம், ஒன்றுக்கு இரண்டாய்ப் போடுவோம்’ என்று போட்டுக்கொள்கிற விவசாயத் தொழிலாளிப் பெண்கள் உண்டு. உடம்பு இளைக்க வேண்டும் என்று கூட்டிக்கொள்கிற வாலிபர்களும் உண்டு. மருந்து மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், வியர்த்துக் கொட்டும். வயதானவர்களுக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கத் தொடங்கும். அதிலிருந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு இது நேரடி ஆபத்து. உடம்பு இளைக்க இந்த மாத்திரையைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்காவில் மருந்தின் குறிப்புச் சீட்டிலேயே கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறார்கள்.

அசதிக்குக் காரணம் ஆயிரம். ரத்தசோகையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், அரைவயிற்றுச் சாப்பாடாகவும் இருக்கலாம். மாத்திரையை இரட்டித்தால் உண்மையான காரணம் மறைந்து போகும். புது வியாதி ஒன்று கூடும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் விளையாட்டே கூடாது. முதல் 3 மாதம் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தச் சுரப்பி வேலை செய்வதில்லை. தாயின் ஹார்மோனை நம்பியே அதன் மூளை வளர்கிறது. ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் பலருக்கு அளவைக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூட்ட வேண்டி வருகிறது. நாள் தள்ளியது தெரிந்தவுடனே மாத்திரையை விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காக கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களும் உண்டு. படபடப்பு அடங்கிவிட்டது என்று தாமே நிறுத்தினால் வியாதி திரும்ப வரும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த மருந்து சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அபூர்வமாக அந்த மருந்து வெள்ளணுக்களை அழித்துவிடும்.

கம்பெனிக்காரன் சூழ்ச்சியா?

நாம் அந்த அம்மாவிடம் கம்பெனியைத் திட்டினோமே, அதற்கு வருவோம். மருந்துக் கம்பெனிகள் லாபத்துக்காகவே நடக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. தேவையில்லாத டானிக்கும் சத்து மாத்திரையும் விற்பதை நாம் பார்க்கிறோம். ஆனால் லாபக்காரன் விற்கிறான் என்பதற்காக அரிசி சாப்பிடுவதை நிறுத்துகிறோமா?

1891-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து டாக்டர் ஜார்ஜ் முர்ரே, தைராய்டு செத்துப்போய் முகம் வீங்கிப் படுத்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்து நடமாடினார். விடாமல் அந்த மருந்தைச் சாப்பிட்டு இன்னும் 28 வருஷம் உயிரோடு இருந்து 1919-ல்தான் காலமானார். 1914-ல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்த ஹார்மோனைத் தனியே பிரித்தார். 1927-ல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்ஜரும் ரசாயன முறையில் அதைச் செய்து காட்டினார்கள். இது எந்த ஒரு முதலாளியின் தனிச் சொத்தும் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், இந்திய சர்க்காரின் பட்டியலிலும் உள்ள மருந்து. ஒரு மாத்திரையின் விலை ஒரு டீயின் விலையை விடக் குறைவு.

‘ஆயுசு முழுக்கவா?’ என்று கேட்கிறார்கள். அயோடின் உப்பு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு முக்கிய காரணம், உடம்பின் காவல் படையே தன் சுரப்பியைத் தாக்கி அழிப்பது. 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ இந்த வியாதியை விவரித்து எழுதினார். அழிந்த சுரப்பி முளைப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலோருக்கு மாத்திரை நெடுகத் தேவைப்படுகிறது. எல்லோருக்கும் அப்படி அல்ல. பிரசவத்துக்குப் பின் தற்காலிகமாகக் குறைந்து தானே சரியாகிறவர்கள் உண்டு. லேசான குறைவுக்குத் தொடங்கியதை டாக்டரே பின்னால் நிறுத்துவதும் உண்டு. நிறுத்தலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு ரத்தப் பரிசோதனை பதில் சொல்ல வேண்டும். யூனியன் ஆபீஸ் பெஞ்சு பதில் சொல்லக் கூடாது.

குற்றம் தொழிலாளியின் தலையில் மட்டுமா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, ‘டாக்டரைக் கேளுங்கள்’ என்று முடித்துவிட்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்கள் ஆவோம். ஜனங்கள் ஏன் டாக்டரைக் கேட்பதில்லை? மாத்திரை மலிவு; டாக்டரிடம் போய் வருவது மலிவு அல்ல. ஒரு நாள் லீவு, ஒரு நாள் கூலி நஷ்டம், பஸ் சார்ஜ், வரிசையில் நிற்பது, தனியார் பரிசோதனைக் கூடத்துக்குக் காசு. அத்தனைக்கும் பிறகு இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதி ‘அடுத்த ஆள்’ என்று கூப்பிட்டு விடுகிறார்கள். நடவும் அறுப்பும் நடக்கிற சில வாரங்களில் ஒரு நாள் கூலியை விட்டால் அந்த வீட்டில் ஒரு நாள் உலை கொதிக்காது. அதனால் பாட்டிலை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார்கள். ஒரு மாத்திரையை இரண்டாக உடைக்கிறார்கள். இதை அறியாமை என்று மட்டும் சொல்லுகிறவன் கூலிக்குப் போய் அறியாதவன்.

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948-ல் வந்த சட்டம். 2019-ல் விதித்த விகிதப்படி 100 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி 75 காசும் முதலாளி 3 ரூபாய் 25 காசும் கட்ட வேண்டும். அது தர்மக் கணக்கு அல்ல, நம் பணம். தைராய்டுப் பரிசோதனையும் மாத்திரையும் அங்கே கேட்டுப் பெற வேண்டும். ‘ஸ்டாக் இல்லை’ என்றால் எழுதி வாங்க வேண்டும். யூனியன் அதைக் கையில் எடுக்க வேண்டும். கோட்டா முடிக்கச் சொல்லும் நிர்வாகம், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டு வருவதற்காக 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதே வழியில் தைராய்டு மாத்திரையும் கிராமத்துக்கு வரட்டும். ரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கட்டும். அளவு நிலைத்தவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கட்டும். இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கோரிக்கை நிறைவேறும் வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே இன்றே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். டீ, காப்பி, பலகாரம் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. ஷிப்டு மாறுகிறவர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டு ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடாதீர்கள். 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது. ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் வெயிலில் பாட்டிலை வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்தபோது சாப்பிடுங்கள். மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், மைக்ரோகிராம் அளவு அதுதானா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிப் பாருங்கள். அடுத்த முறை டாக்டரிடமும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அளவு உங்கள் அளவு அல்ல. நெஞ்சு வலி, அடங்காத படபடப்பு, மூச்சு முட்டல், எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஏற்கெனவே குறைத்துவிட்டவர்கள், நிறுத்திவிட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். எத்தனை நாளாக, எவ்வளவு குறைத்தோம் என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ‘ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்’ என்று பொய் சொன்னால், போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். பொய்யின் மேல் கட்டிய அளவு உங்கள் இதயத்தைத்தான் அடிக்கும். டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்காமல் எழுந்து வராதீர்கள்: என் எண் எவ்வளவு? மாத்திரையின் அளவை ஏன் மாற்றினீர்கள்? மறுபடி எப்போது ரத்தம் பார்க்க வேண்டும்? கேட்பது உங்கள் உரிமை. அவர் கோபித்தாலும் கேளுங்கள்.

கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் மேஸ்திரியிடம் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்கிறோம், மனக்கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. மாத்திரைக் கணக்கிலும் அப்படியே இருப்போம். ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான் கணக்குப் புத்தகம்.

அந்த அம்மா போன வாரமும் சந்தா கட்ட வந்தார். நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் கைப்பையிலிருந்து மாத்திரை பாட்டிலை எடுத்து, “தோழரே, இதை...” என்று தொடங்கினார். நாம் வாயைத் திறக்கும் முன் அந்த அம்மா குறுக்கிட்டார்: “தோழரைக் கேக்காதீங்க கண்ணு. திங்கக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். எங்கூட வாங்க.”

சரியான பதில் அதுதான்.